பழைய ஹைபிரிட் காரில் பேட்டரி இறங்கிவிட்டால்... நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை



மார்க்கையன்கோட்டை, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என நம் பள்ளத்தாக்கு ஊர்களில் வீட்டு வாசலில் வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும் கார்கள் பல. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை விடுமுறைக்கு வந்தால்தான் சில கார்கள் ஓடும். சில குடும்பங்கள் உம்ராவுக்குப் போகும்போது மூன்று வாரம் பூட்டி வைத்துவிட்டுப் போகின்றன. திரும்பி வந்து சாவியைத் திருகினால் சத்தமே வராது. சாதாரண கார் என்றால் நமக்கு வழி தெரியும். தெருவில் நிற்கும் நான்கு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்வோம், அல்லது பக்கத்து வண்டியிலிருந்து வயர் கொடுத்துக் கிளப்புவோம்.

அதே காரியத்தை ஹைபிரிட் காரில் செய்யும்போதுதான் சிக்கல் வருகிறது. தள்ளினால் நகராது. வயரை மாற்றிக் கொடுத்தால் விலை உயர்ந்த மின்னணுப் பெட்டிகள் எரிந்து போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, சில ஹைபிரிட் கார்களில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கிறது. நள்ளிரவில் பிரசவ வலி எடுத்த பெண்ணையோ, நெஞ்சு வலி வந்த பெரியவரையோ ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டிய நேரத்தில் இதையெல்லாம் யோசிக்க முடியாது. முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வதே நல்லது. வண்டி ஓட்டுபவர் மட்டுமல்ல, வீட்டில் இருக்கும் பெண்களும் பிள்ளைகளும் இதை ஒருமுறை வாசித்துவிட வேண்டும்.

உங்கள் வண்டி எந்த வகை?

'ஹைபிரிட்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட வகைகள் ஓடுகின்றன. முதலில் நம் வண்டி எது என்று தெரிய வேண்டும்.

முதல் வகை, லேசான ஹைபிரிட். 2015-ல் மாருதி நிறுவனம் சியாஸ், எர்டிகா டீசல் கார்களில் எஸ்.எச்.வி.எஸ் என்ற பெயரில் கொண்டு வந்தது இதுதான். நம் பகுதியில் அதிகம் கண்ணில் படுவதும் இந்த வகைதான். இதில் கார் மின்சாரத்தில் மட்டும் ஓடாது. சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக அணையும், கிளட்சை மிதித்தால் மீண்டும் கிளம்பும், வேகம் எடுக்கும்போது மோட்டார் கொஞ்சம் கை கொடுக்கும். எல்லாம் 12 வோல்ட்டிலேயே நடப்பதால் உயர் மின்னழுத்த ஆபத்து இல்லை. 2018-க்குப் பின் வந்த சியாஸ், எர்டிகா பெட்ரோல் கார்களில் வழக்கமான லெட்-ஆசிட் பேட்டரியோடு சிறிய லித்தியம் பேட்டரி ஒன்றும் சேர்ந்தது.

இரண்டாவது வகை, முழு ஹைபிரிட். டொயோட்டா ப்ரியஸ் இதற்கு முன்னோடி. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த இந்தக் கார், 2010-ல் இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன்பே 2008-ல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட் இங்கே விற்பனைக்கு வந்துவிட்டது. 2013-ல் கேம்ரி ஹைபிரிட் வந்தது. 2022-ல் ஹைரைடர், கிராண்ட் விட்டாரா, ஹோண்டா சிட்டி ஹைபிரிட், இன்னோவா ஹைகிராஸ் ஆகியவை வரிசையாக வந்தன. இன்று புதிதாக இருக்கும் இந்த வண்டிகள்தான் இன்னும் சில ஆண்டுகளில் செகண்ட் ஹேண்டாக நம் ஊர்ப் பக்கம் வரப்போகின்றன. இலங்கையில் இருக்கும் நம் உறவினர்களுக்கு ப்ரியஸ், ஆக்வா, வெசல் போன்ற பெயர்கள் ஏற்கனவே பழக்கமானவை.

ஒரு காருக்குள் இரண்டு பேட்டரி

முழு ஹைபிரிட் காரில் பெரிய பேட்டரி ஒன்று, சிறிய பேட்டரி ஒன்று என இரண்டு இருக்கும். "பேட்டரி இறங்கிவிட்டது" என்று சொல்லும்போது எது இறங்கியது என்பதுதான் முதல் கேள்வி.

பெரிய பேட்டரிதான் சக்கரத்தைச் சுழற்றும் மோட்டாருக்கு மின்சாரம் தருகிறது. 2003-ல் வந்த இரண்டாம் தலைமுறை ப்ரியஸிலும், 2009-ல் வந்த மூன்றாம் தலைமுறை ப்ரியஸிலும் இது 28 சிறு கட்டிகளைக் கோர்த்துச் செய்யப்பட்டது. ஒவ்வொரு கட்டியும் 7.2 வோல்ட். எல்லாம் சேர்ந்தால் 201.6 வோல்ட். ஆக்வாவில் 20 கட்டிகள், 144 வோல்ட். கேம்ரி ஹைபிரிட்டில் 34 கட்டிகள், 244.8 வோல்ட். இவை பெரும்பாலும் பின் இருக்கைக்கு அடியிலோ பின்னாலோ இருக்கும்.

சிறிய பேட்டரி, எல்லாக் கார்களிலும் இருக்கும் 12 வோல்ட் பேட்டரிதான். ஆனால் இங்கே அதன் வேலை வேறு. சாதாரண காரில் இது ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்புகிறது. ப்ரியஸ் போன்ற கார்களில் தனி ஸ்டார்ட்டரே கிடையாது. எஞ்சினைக் கிளப்புவது பெரிய பேட்டரியும் அதன் மோட்டாரும்தான். சிறிய பேட்டரி காரின் கம்ப்யூட்டர்களை விழிக்க வைக்கிறது, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே சுவிட்சை மூடுகிறது, கதவுப் பூட்டைத் திறக்கிறது. வீட்டில் பெரிய ஜெனரேட்டர் இருந்தும் அதை ஆன் செய்யும் சுவிட்சுக்கு மின்சாரம் இல்லாவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் சிறியது செத்துவிட்டால் கார் எழுந்திருக்காது.

"கார் செத்துப் போச்சு" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்தச் சிறிய பேட்டரியால் வருபவைதான். எனவே டாஷ்போர்டு இருண்டிருப்பதைப் பார்த்தவுடன், "பெரிய பேட்டரி போய்விட்டது, லட்சக்கணக்கில் செலவாகும்" என்று யாராவது சொன்னால் பதற வேண்டாம். முதலில் 12 வோல்ட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

நின்றுகொண்டே இருந்தால் ஏன் இறங்குகிறது?

பூட்டி வைத்த கார் முழுவதும் உறங்குவதில்லை. திருட்டு எச்சரிக்கை, சாவி அருகில் வருகிறதா என்று தேடும் கருவி, கடிகாரம், கம்ப்யூட்டர்களின் நினைவகம் எல்லாம் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடிக்கின்றன. குழாயில் ஒழுகும் நீர் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நின்ற நிலையில் 30 மில்லி ஆம்பியர் செலவாகிறது என்று வைப்போம். ஒரு நாளைக்கு 24 மணி நேரத்தில் 0.72 ஆம்பியர்-அவர் போகும். 40 ஆம்பியர்-அவர் உள்ள புதிய பேட்டரி முழுதாக நிறைந்திருந்தால் 55 நாளில் அடியோடு காலியாகும். ஆனால் அடியோடு காலியாகும் வரை கார் காத்திருக்காது. பாதிக்குக் கீழே போனாலே தடுமாறத் தொடங்கும். அதாவது நான்கு வாரம். பேட்டரிக்கு வயதாகி, கொள்ளளவு பாதியாகக் குறைந்திருந்தால் இரண்டு வாரம்தான். உம்ரா போய் வரும் காலம் ஏறக்குறைய இதுதான் என்பதைக் கவனியுங்கள்.

இதோடு சேரும் மற்ற காரணங்கள்:

சாவியை வாசலுக்கு அருகிலேயே ஆணியில் மாட்டி வைப்பது. ஸ்மார்ட் கீ காருக்கு அருகில் இருந்தால் இரண்டும் அடிக்கடி பேசிக்கொண்டே இருக்க வாய்ப்பு உண்டு. சாவியை உள் அறையில் வையுங்கள்.

பிரேக்கை மிதிக்காமல் பவர் பட்டனை அழுத்தி, பிள்ளைகள் பாட்டோ பயானோ கேட்பது. அந்த நிலையில் 'ரெடி' விளக்கு எரியாது. ரெடி எரியாவிட்டால் பெரிய பேட்டரி சிறியதற்குச் சார்ஜ் கொடுக்காது. முழு ஹைபிரிட்டில் ஆல்டர்னேட்டர் இல்லை. பெரிய பேட்டரியிலிருந்து மின்னழுத்தத்தைக் குறைத்துத்தான் சிறியது நிரப்பப்படுகிறது.

வெயில். நம் பகுதியில் சித்திரை, வைகாசியில் மூடிய கார் அடுப்பாகிவிடும். சூட்டில் லெட்-ஆசிட் பேட்டரி வேகமாக முதுமை அடையும். மூன்று, நான்கு ஆண்டு ஆன பேட்டரியை நம்பி நீண்ட பயணம் வைக்காதீர்கள்.

சிறிய மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் நல்லது. கார் சில மணி நேரம் நின்ற பிறகு அளந்தால் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 11.8-க்குக் கீழே என்றால் காலி.

இறங்கிவிட்டது, இப்போது என்ன செய்வது?

முதலில் கதவைத் திறக்க வேண்டும். ரிமோட் வேலை செய்யாது. ஸ்மார்ட் கீயின் பக்கவாட்டில் உள்ள சிறிய தாழ்ப்பாளை நகர்த்தி இழுத்தால் உள்ளே இருந்து இரும்புச் சாவி ஒன்று வெளியே வரும். ஓட்டுநர் கதவை அதில் திறக்கலாம். இதை வீட்டில் எல்லோருக்கும் இன்றே காட்டிக் கொடுங்கள். பலருக்குத் தங்கள் சாவிக்குள் இன்னொரு சாவி இருப்பதே தெரியாது.

ப்ரியஸில் சிறிய பேட்டரி டிக்கியில் இருக்கிறது. டிக்கி திறப்பதோ மின்சாரத்தில். எனவே பேட்டரியைத் தேடி டிக்கியை உடைக்க வேண்டாம். பானெட்டைத் திறந்தால் ஃபியூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடி போட்ட ஒரு முனை இருக்கும். வெளியிலிருந்து மின்சாரம் கொடுப்பதற்கென்றே வைத்த பாசிட்டிவ் முனை அது. மற்ற மாடல்களில் இடம் மாறும். காரோடு வந்த கையேட்டில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். அந்தப் பக்கத்தை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உதவிக்கு வரும் வண்டி 12 வோல்ட் வண்டியாக இருக்க வேண்டும். லாரியும் பஸ்ஸும் 24 வோல்ட்; அவற்றிலிருந்து ஒருபோதும் எடுக்கக் கூடாது. பிறகு இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கட்டும். இரண்டும் அணைந்திருக்கட்டும். ஏசி, விளக்கு, ஆடியோ எல்லாம் ஆஃப்.

2. சிவப்பு வயரின் ஒரு முனையை ஹைபிரிட் காரின் பாசிட்டிவ் முனையில் மாட்டுங்கள். மறு முனையை உதவி வண்டியின் பேட்டரி பாசிட்டிவில் மாட்டுங்கள்.

3. கறுப்பு வயரின் ஒரு முனையை உதவி வண்டியின் பேட்டரி நெகட்டிவில் மாட்டுங்கள். மறு முனையை ஹைபிரிட் காரின் எஞ்சின் பகுதியில் பெயின்ட் இல்லாத கெட்டியான இரும்பில் மாட்டுங்கள்.

4. மாட்டிய நான்கு இடங்களையும் இன்னொருவர் மறுபடி சரிபார்க்கட்டும். பாசிட்டிவ், நெகட்டிவ் மாறினால் ஃபியூஸோடு போகாது. விலை உயர்ந்த மின்னணுப் பாகங்களும் போகலாம்.

5. உதவி வண்டியைக் கிளப்பி ஐந்து நிமிடம் ஓட விடுங்கள்.

6. ஹைபிரிட் காரில் பிரேக்கை நன்றாக மிதித்துப் பவர் பட்டனை அழுத்துங்கள். 'ரெடி' விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது. எஞ்சின் சத்தம் கேட்கவில்லையே என்று மறுபடி மறுபடி அழுத்த வேண்டாம். தேவைப்படும்போது எஞ்சின் தானே கிளம்பும்.

7. மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் வயர்களைக் கழற்றுங்கள்.

கம்ப்யூட்டர்களை எழுப்பினால் போதும் என்பதால் இதற்குக் குறைந்த மின்சாரமே தேவைப்படுகிறது. கையடக்கமான ஜம்ப் ஸ்டார்ட்டர் கருவிகளும் இதற்குப் போதும். காரில் ஒன்று வைத்திருப்பது புத்திசாலித்தனம். ஆனால் அதைக் கொளுத்தும் வெயிலில் காருக்குள்ளேயே விட்டுவிடக் கூடாது.

கார் எழுந்தவுடன் அணைத்துவிடாதீர்கள். குறைந்தது ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள், அல்லது ரெடி நிலையில் திறந்த வெளியில் வைத்திருங்கள். முழுக்கக் காலியான பேட்டரி நிறைய, தனிச் சார்ஜரில் ஓர் இரவு போடுவதே சரி. அதன் பிறகும் இரண்டு, மூன்று நாளில் மறுபடி இறங்கினால் பேட்டரியை மாற்ற வேண்டியதுதான்.

லேசான ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு: பானெட்டுக்குள் இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரியில்தான் வயர் கொடுக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் இருக்கும் லித்தியம் பேட்டரியைத் தொடவே கூடாது. சிக்னலில் எஞ்சின் தானாக அணைவது நின்றுவிட்டால் பேட்டரி பலவீனமாவதன் முதல் அறிகுறியாக அது இருக்கலாம். மாற்றும்போது விலை மலிவு என்று சாதாரண பேட்டரியைப் போட்டால் அடிக்கடி அணைந்து கிளம்பும் வேலைக்கு அது தாங்காது.

செய்யவே கூடாதவை

தள்ளாதீர்கள். ப்ரியஸில் கியரைப் பார்க்கிங்கிலிருந்து எடுப்பதே மின்சாரத்தில்தான். 12 வோல்ட் செத்திருந்தால் முன் சக்கரம் பூட்டியபடியே இருக்கும். தள்ளினாலும் எஞ்சின் கிளம்பாது.

முன் சக்கரம் தரையில் உருளக் கயிறு கட்டி இழுக்காதீர்கள். முன் சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் உற்பத்தி செய்யக்கூடும். முன் சக்கரங்களைத் தூக்கியோ, முழு காரையும் ஏற்றியோ கொண்டு போகும் வண்டியைத்தான் அழைக்க வேண்டும். காப்பீட்டுப் பத்திரத்தில் இந்த உதவி சேர்ந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

உங்கள் ஹைபிரிட்டிலிருந்து மற்றவருடைய டீசல் வண்டியைக் கிளப்பக் கொடுக்காதீர்கள். அண்டை வீட்டாருக்கு உதவுவது நம் கடமைதான். ஆனால் டீசல் ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரத்தை இந்தச் சிறிய அமைப்பு தாங்காது. ஜம்ப் ஸ்டார்ட்டர் கருவியைக் கொடுத்து உதவுங்கள்.

டிக்கியில் பேட்டரி உள்ள காரில் கண்ட பேட்டரியையும் போடாதீர்கள். சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜன் வாயுவைக் காருக்கு வெளியே அனுப்பும் சிறு குழாய் அதற்கு உண்டு. அந்த வசதி உள்ள பேட்டரியைத்தான் போட வேண்டும். குழாயையும் மறக்காமல் மாட்ட வேண்டும்.

மூடிய ஷெட்டில் ரெடி நிலையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சத்தம் இல்லாததால் கார் அணைந்திருக்கிறது என்று நினைப்போம். ஏசிக்காகவோ சார்ஜுக்காகவோ எஞ்சின் தானாகக் கிளம்பும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. மூடிய இடத்தில் அது உறங்குபவரை எழவிடாது. "ஏசியில் தூங்கட்டும்" என்று பிள்ளைகளைக் காரில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகும் பழக்கம் எந்தக் காருக்கும் கூடாது. ஹைபிரிட்டுக்கு அறவே கூடாது.

பெரிய பேட்டரி இறங்கினால்?

ஓட்டும்போது கம்ப்யூட்டர் பெரிய பேட்டரியை ஏறக்குறைய 40 முதல் 80 சதவீதத்துக்குள்ளேயே வைத்திருக்கும். அதனால் சாதாரணமாக அது முழுதாகக் காலியாவதில்லை. காலியாக மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, பல மாதம் அசையாமல் நிற்பது. இரண்டு, பெட்ரோல் தீர்ந்த பிறகும் "இன்னும் கரண்ட் இருக்கிறதே" என்று ஓட்டுவது. மூன்று, நெரிசலில் நியூட்ரலில் போட்டுக்கொண்டு வெகுநேரம் நிற்பது. ப்ரியஸில் நியூட்ரலில் பெரிய பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. குமுளி மலைப்பாதையில் சபரிமலை சீசனில் வண்டிகள் வரிசையாக நிற்கும்போது இதை நினைவில் வையுங்கள். 'டி'யில் வைத்துப் பிரேக்கை மிதியுங்கள், அல்லது பார்க்கிங்கில் போடுங்கள்.

பெரிய பேட்டரி காலியானால் 12 வோல்ட் வயர் கொடுத்துப் பயன் இல்லை. எஞ்சினைச் சுழற்றுவதே அதுதான் என்பதால், தனிக் கருவி வைத்திருக்கும் பணிமனையில்தான் சார்ஜ் ஏற்ற முடியும். தனி ஸ்டார்ட்டர் உள்ள பழைய சிவிக் ஹைபிரிட் போன்ற சில மாடல்கள் இதற்கு விதிவிலக்கு.

மலையில் ஓட்டுபவர்களுக்கு ஒரு செய்தி. குமுளியிலிருந்து லோயர் கேம்ப் வரை இறங்கும்போது பேட்டரி அளவு மளமளவென நிறைந்து, எஞ்சின் திடீரென உறுமத் தொடங்கும். இது கோளாறு அல்ல. நிறைந்த பேட்டரியில் மேலும் ஏற்ற முடியாததால் கார் எஞ்சினால் வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது. நீண்ட இறக்கத்தில் 'பி' என்று குறித்த நிலையில் இறங்கினால் பிரேக் சூடாகாமல் இருக்கும்.

முதுமையின் அறிகுறிகள்

பத்து ஆண்டு தாண்டிய பேட்டரி தன் நிலையைத் தானே காட்டிக் கொடுக்கும். திரையில் சார்ஜ் அளவு சில நிமிடங்களுக்குள் நிறைந்து, சில நிமிடங்களுக்குள் இறங்கும். பின் இருக்கைப் பக்கம் மின்விசிறி இரையும். எஞ்சின் அடிக்கடி கிளம்பும். மைலேஜ் குறையும். கடைசியில் சிவப்பு முக்கோணம் எரியும். ஸ்கேனரில் பி0ஏ80 என்ற குறியீடு வந்தால் பெரிய பேட்டரியை மாற்றச் சொல்கிறது என்று பொருள்.

அப்போதும் அவசரப்பட வேண்டாம். ப்ரியஸில் 28 கட்டிகளும் 14 ஜோடிகளாக அளக்கப்படுகின்றன. ஓடும்போது 13 ஜோடிகள் ஒன்றாக ஏறி இறங்க, ஒன்று மட்டும் தனியே விழுந்தால் கோளாறு அந்த ஒன்றில்தான். சில நேரம் கட்டிகளை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சைக் களிம்பு படிந்திருப்பதே காரணமாக இருக்கும். இந்த அளவீட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்ட மறுக்கும் இடத்தில் வேலை கொடுக்காதீர்கள்.

ஒரு கட்டியை மட்டும் மாற்றுவது மலிவு. ஆனால் மற்ற 27-ம் அதே வயது. சில மாதத்தில் அடுத்தது விழும். விற்பதற்கு முன் விளக்கை அணைக்க இந்த வழி போதும். குடும்பம் ஓட்டுவதற்குப் போதாது. முழுத் தொகுப்பையும் புதிதாக மாற்றுவது செலவு, ஆனால் நீடிக்கும். இடைப்பட்ட வழி, எல்லாக் கட்டிகளையும் சோதித்துச் சம அளவுள்ளவற்றைச் சேர்ப்பது. எதைச் செய்தாலும் உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

இலங்கையில் இந்தத் தொழில் வளர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2020 மார்ச்சில் அங்கே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 2025 பிப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய ஹைபிரிட்டைப் பழுது பார்த்து ஓட்டுவதைத் தவிர மக்களுக்கு வழியில்லை. அங்கே உறவினர் வைத்திருப்பவர்கள், பேட்டரி வேலை செய்த அனுபவத்தை அவர்களிடம் கேட்டுப் பயன் பெறலாம்.

செலவைத் தள்ளிப்போடும் எளிய வழி ஒன்று இருக்கிறது. பின் இருக்கைப் பக்கத்தில் உள்ள காற்றுத் துளையை மறைக்காதீர்கள். பெரிய பேட்டரி குளிர்வது அந்தக் காற்றில்தான். துப்பட்டா, பை, தலையணை என்று அதன் மேல் போட்டு வைத்தால் பேட்டரி வெந்து போகும். உள்ளே இருக்கும் விசிறியில் தூசி அடைந்தாலும் இதே கதிதான். வருடம் ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

ஆரஞ்சு நிற வயர்

பெரிய பேட்டரியின் வயர்களெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அந்த நிறம் ஓர் எச்சரிக்கை. 200 வோல்ட் நேர் மின்சாரம் ஆளைக் கொல்லும். மூன்றாம் தலைமுறை ப்ரியஸில் மோட்டாருக்குப் போகும்போது அது 650 வோல்ட் வரை உயர்த்தப்படுகிறது. பயிற்சி பெற்றவர்கள் கூட முதலில் பாதுகாப்புப் பிளக்கைக் கழற்றி, பத்து நிமிடம் காத்திருந்து, மின்காப்புக் கையுறை போட்ட பிறகே தொடுகிறார்கள். காணொளியைப் பார்த்து வீட்டில் திறக்கும் வேலை அல்ல இது. நம் தெரு மெக்கானிக் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும், "ஹைபிரிட் வேலை பழகியிருக்கிறீர்களா பாய், கையுறை இருக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள். அவர் உயிரும் நமக்கு முக்கியம். வெள்ளத்தில் மூழ்கிய, விபத்தில் நசுங்கிய ஹைபிரிட் காரையும் இதே எச்சரிக்கையோடு அணுக வேண்டும்.

வாங்கும்போதும் விற்கும்போதும்

பழைய ஹைபிரிட்டின் மதிப்பில் பெரும் பங்கு பெரிய பேட்டரியில் இருக்கிறது. எச்சரிக்கை விளக்கை ஸ்கேனரில் அழித்துவிட்டால் சில நாட்களுக்கு அது எரியாது. அந்த இடைவெளியில் கார் கைமாறிவிடும். வாங்கியவர் தன் சேமிப்பை, சில நேரம் மனைவியின் நகையை, கொடுத்திருப்பார்.

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட செய்தியை நாம் அறிவோம். மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னதும், மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவர்கள் கேட்டார்கள். மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்தச் செய்தி, அழித்து வைத்த எச்சரிக்கை விளக்குக்கும் அப்படியே பொருந்தும். கார் நனையவில்லை, ஆனால் ஈரம் அடியில் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

விற்பவர் பேட்டரியின் வயது, மாற்றிய கட்டிகள், வந்த குறியீடுகள் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். விலை குறையலாம், பரக்கத் குறையாது. வாங்குபவர் ஸ்கேனர் போட்டுப் பார்க்க வேண்டும். குறியீடுகள் அண்மையில் அழிக்கப்பட்டனவா என்பதையும் பல ஸ்கேனர்கள் காட்டும். அரை மணி நேரமாவது ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஓட்டிப் பார்த்து, சார்ஜ் அளவு எப்படி ஏறி இறங்குகிறது என்று கவனியுங்கள். புதிய மாடல்களில் பேட்டரிக்குத் தனி உத்தரவாதம் உண்டு. ஹைரைடர், ஹைகிராஸ் போன்றவற்றுக்கு டொயோட்டா 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் தருகிறது. மீதம் எவ்வளவு இருக்கிறது, அது தொடர சர்வீஸ் சரியாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

ஊருக்குப் போகும் முன்

இரண்டு வாரத்துக்கு மேல் போவதாக இருந்தால்: பெட்ரோலைப் பாதிக்கு மேல் நிரப்புங்கள். கிளம்பும் முன் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். உள் விளக்கு, டிக்கி விளக்கு அணைந்ததா என்று பாருங்கள். நிழலில் நிறுத்துங்கள். இரண்டு சாவிகளையும் தூர வையுங்கள்.

நம்பகமான உறவினர் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டச் சொல்வது மிகச் சிறந்தது. வெறுமனே ஐந்து நிமிடம் ஆன் செய்து அணைப்பதால் பெரிய பயன் இல்லை. பெரிய பேட்டரிக்கு இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேர ஓட்டம் கட்டாயம் தேவை. ஓட்டுபவரிடம் உரிமமும், காருக்கு நடப்பில் உள்ள காப்பீடும் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஓட்ட ஆளில்லை என்றால் சிறிய பேட்டரியின் நெகட்டிவ் முனையை மெக்கானிக்கை வைத்துக் கழற்றி வையுங்கள். அப்போது ரிமோட் வேலை செய்யாது என்பதால் இரும்புச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். பேட்டரியைத் தொடர்ந்து பராமரிக்கும் சிறு சார்ஜர்களும் கிடைக்கின்றன.

வாகனம் அல்லாஹ் நமக்கு வசப்படுத்தித் தந்த அருட்கொடை. ஏறும்போது ஓதும் துஆவைப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கிறோம். அந்த வாகனத்தை அவசரத்துக்கு உதவும் நிலையில் வைத்திருப்பதும், அதைத் தொடும் எவருக்கும் ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்வதும், விற்கும்போது உண்மையைச் சொல்வதும் அந்த நன்றியின் பகுதிகளே. இந்தச் செய்தியை வீட்டில் உள்ளவர்களோடும், பழைய ஹைபிரிட் வாங்க நினைக்கும் சகோதரர்களோடும் பகிர்ந்துகொள்ளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரின் பயணங்களையும் பாதுகாப்பானதாக ஆக்குவானாக! ஆமீன்.